4 பாரைத் தாண்ட மறுக்கும் 24 லிட்டர் கம்ப்ரசர்: மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, கசிவு எதுவும் தெரியவில்லை

ஈசூன்_மரவேலை:

வணக்கம். சிங்கப்பூரில் என் வீட்டில் இருக்கும் கம்ப்ரசர் 24 லிட்டர் டேங்க், ஒன்றரை எச்.பி., எண்ணெய் ஊற்றும் ரகம், ஒற்றை சிலிண்டர், பெல்ட் இல்லாத டைரக்ட் டிரைவ். பிளேட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2850 சுற்று, நிமிடத்துக்கு 150 லிட்டர், அதிகபட்ச அழுத்தம் 8 பார் என்று இருக்கிறது. சரியாக வேலை செய்த காலத்தில் காலி டேங்க் 8 பாருக்கு நிரம்ப 2 நிமிடம் 40 வினாடி ஆகும். 8-ல் தானாக நின்று, 6-க்கு இறங்கியதும் மறுபடி ஓடும்.

இப்போது நிலைமை இது. 0-விலிருந்து 2 பார் வரை 40 வினாடி. 2-லிருந்து 4 ஏற இன்னொரு 2 நிமிடம். 4.2-ல் முள் நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 5 நிமிடம் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. சிலிண்டர் தலை வழக்கத்தைவிட அதிகம் சுடுகிறது. ஆணி அடிக்கும் பிராட் நெய்லருக்கு 6 பாராவது வேண்டும், அதனால் வேலை நிற்கிறது.

செய்து பார்த்தவை: எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி இல்லை. 4.2-ல் நிறுத்தி 10 நிமிடம் கழித்துப் பார்த்தால் 4.1. கேஜ் பொய் சொல்கிறதா என்று டயர் கேஜை மாட்டிப் பார்த்தேன், இரண்டும் ஒன்றுதான் காட்டுகின்றன. எண்ணெய் கண்ணாடியின் சிவப்புப் புள்ளிக்கு நடுவில் இருக்கிறது. சர்வீஸ் யார்டில் வைத்து, 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ரீல் வழியாக கரண்ட் எடுக்கிறேன். பிரஷர் சுவிட்ச் ஸ்பிரிங் ஸ்குரூவைத் திருகினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். திருகலாமா?

ஜூரோங்_பிட்டர்:

முதலில் அந்த ஸ்குரூவை விட்டுவிடுங்கள். எந்த அழுத்தத்தில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று சொல்வது மட்டும்தான் அந்த சுவிட்சின் வேலை. உங்கள் மோட்டார் 4-ல் நின்றுபோனால் சுவிட்சைச் சந்தேகப்படலாம். அது நிற்கவே இல்லையே! இப்போது திருகிவிட்டு, பிறகு பம்ப் சரியானதும் டேங்க் 8-ஐத் தாண்டிப் போகும். அப்போது உங்களுக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பது சேஃப்டி வால்வு ஒன்றுதான்.

நீங்கள் கொடுத்த எண்களே பாதி விடையைச் சொல்லிவிட்டன. 24 லிட்டர் டேங்கில் 0.1 பார் குறைந்தால் வெளியே போன காற்று 2.4 லிட்டர். அதற்கு 10 நிமிடம் ஆகியிருக்கிறது, அதாவது நிமிடத்துக்குக் கால் லிட்டர்கூட இல்லை. பம்ப் எவ்வளவு தருகிறது? 0-விலிருந்து 2 பார் என்றால் 48 லிட்டர், அதை 40 வினாடியில் தந்திருக்கிறது, நிமிடத்துக்கு 72 லிட்டர். 2-லிருந்து 4 வரை அதே 48 லிட்டருக்கு 2 நிமிடம், நிமிடத்துக்கு 24. கடைசியில் பூஜ்யம். டேங்கில் ஓட்டை இருந்து இப்படி ஆக வேண்டுமானால் நிமிடத்துக்குப் பல பத்து லிட்டர் வெளியேற வேண்டும். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். ஆகவே டேங்க் நல்லது, வடிகால் குழாய் நல்லது, ரெகுலேட்டர் நல்லது. காற்று டேங்குக்குள் வந்து சேரவே இல்லை.

பிளேட்டில் உள்ள 150 லிட்டரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது பிஸ்டன் நகரும் கொள்ளளவுக் கணக்கு. இந்த ரக பம்ப் உண்மையில் தருவது அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் சொன்ன 2 நிமிடம் 40 வினாடியும் அதோடு ஒத்துப்போகிறது.

அழுத்தம் ஏற ஏற வரத்து குறைவது, ஏறிய காற்று எங்கோ உள்ளேயே திரும்பிப் போவதைக் காட்டுகிறது. போகக்கூடிய இடங்கள் நான்கு: சக்‌ஷன் ரீட் (காற்றை உள்ளே விடும் மெல்லிய தகட்டு வால்வு), டெலிவரி ரீட் (அழுத்திய காற்றை வெளியே விடும் தகட்டு வால்வு), தலை கேஸ்கட்டின் நடுப்பாலம் (தலைக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகட்டில், காற்று வரும் அறையையும் போகும் அறையையும் பிரிக்கும் பட்டை), பிஸ்டன் ரிங். தலையைக் கழற்றாமலே ஓரளவு பிரித்தறியலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். ஏற்றம் வேகமானால் ஃபில்டர் அடைப்புதான் காரணம், கதை முடிந்தது. மாறவில்லையென்றால் அந்தத் துளைக்கு ஓர் அங்குலம் முன்னால் உள்ளங்கையை வையுங்கள். நல்ல பம்ப் உறிஞ்சும், திருப்பி ஊதாது. அடுத்து எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைப் பாருங்கள், அதில்தான் மூச்சுத்துளை இருக்கும். அங்கிருந்து எண்ணெய்ப் புகையோடு பலமாக ஊதினால் ரிங் தேய்ந்திருக்கிறது. லேசான மூச்சு இயல்பு.

காக்கிபுக்கிட்_காற்று:

மேலே சொன்னது சரி. ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு சோப்புத் தண்ணீர் தடவினால், நான்-ரிட்டர்ன் வால்வுக்கு (டேங்கின் காற்று பம்புக்குத் திரும்பாமல் தடுப்பது) டேங்க் பக்கம் உள்ளதை மட்டுமே சோதிக்கிறோம். பம்ப் தலையிலிருந்து அந்த வால்வு வரை வரும் செம்புக் குழாய், அதிலிருந்து பிரஷர் சுவிட்சுக்குப் போகும் பென்சில் கனக் குழாய், சுவிட்சின் அடியில் இருந்து, நிறுத்தும்போது குழாயின் அழுத்தத்தை வெளியே விடும் அன்லோடர் வால்வு ஆகிய மூன்றும் மோட்டார் நின்றதும் காலியாகிவிடும். அங்கே கசிவு இருந்தாலும் நின்ற நிலையில் ஒரு குமிழிகூட வராது.

அதனால் ஓடும்போதே பாருங்கள். அன்லோடர் ஓடும்போது வாய் மூடி இருக்க வேண்டும், நிறுத்தும்போது மட்டும் ஒரு 'புஸ்' விட வேண்டும். ஓடும்போதே புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தால் அதன் சிறு பின் சிக்கியிருக்கிறது, தலையைத் தொடவே தேவையில்லை. செம்புக் குழாயின் நட்டுகளுக்கும் ஓடும்போது சோப்புத் தண்ணீர் வையுங்கள், ஓட ஆரம்பித்த முதல் அரை நிமிடத்துக்குள். அதற்குப் பிறகு குழாய் நூறு டிகிரியைத் தாண்டிவிடும், தண்ணீர் ஆவியாகிவிடும், கையும் வெந்துபோகும்.

இன்னொரு சோதனை. வழக்கமாக நிறுத்த வேண்டியது பிரஷர் சுவிட்சின் குமிழில்தான், அது அன்லோடரையும் திறந்துவிடும். இந்த ஒரு முறை மட்டும், 4 பாரில் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். அன்லோடர் மூடியே இருக்கும், செம்புக் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். உடனே காதை ஃபில்டர் துளைப் பக்கம் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று வினாடிக்கு அங்கிருந்து காற்று வந்தால், தலைக்குள் டெலிவரி அறைக்கும் சக்‌ஷன் அறைக்கும் நடுவே வழி இருக்கிறது, அதாவது கேஸ்கட்டின் நடுப்பாலம் எரிந்துபோயிருக்கிறது. ரீட் மட்டும் பழுதென்றால் நின்ற பிறகு அங்கே அமைதியாக இருக்கும், ஏனென்றால் ஒரு ரீட் விட்டாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். சோதனை முடிந்ததும் குமிழை ஆஃபுக்குத் திருப்பி அழுத்தத்தை விட்டுவிடுங்கள். குழாயில் அழுத்தத்தோடு மோட்டாரை மறுபடி எடுத்தால் கிளம்ப முடியாமல் முனகும், வைண்டிங் சூடாகும்.

பிடோக்_வயரிங்:

கரண்ட் பக்கம் இரண்டு வார்த்தை. இந்தக் கோளாறுக்கு ரீல் காரணமில்லை. வோல்டேஜ் இறங்கினால் அழுத்தம் ஏற ஏற மோட்டாரின் சத்தம் கனத்து, வேகம் குறைந்து, ஓவர்லோடு பட்டன் தெறிக்கும். உங்களுடையது ஒரே சுருதியில் ஓடுகிறது என்று புரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் அந்த ரீலை விட்டுவிடுங்கள். 20 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் போக வர சுமார் 0.7 ஓம். ஓடும்போது 8 ஆம்பியருக்கு ஐந்தாறு வோல்ட் குறைவது பெரிதல்ல. கிளம்பும் கணத்தில் 40 ஆம்பியர் இழுத்தால் 28 வோல்ட் போய்விடும். 230-ல் கிளம்ப வேண்டிய மோட்டார் 202-ல் திணறும். சுருட்டி வைத்த ரீல் என்றால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறையே உருகலாம். கம்ப்ரசரை நேராகச் சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக்கில் செருகி, காற்றுக் குழாயை நீளமாக்குங்கள். 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 10 மீட்டர் ஹோஸ் ஆணி அடிக்கத் தாராளம்.

ஈசூன்_மரவேலை:

எல்லாருக்கும் நன்றி. முடிவுகள்: ஃபில்டர் இல்லாமல் ஓட்டியும் அதே 4.2. அன்லோடர் ஓடும்போது ஊதவில்லை. செம்புக் குழாய் நட்டுகள் உலர்ந்தே இருக்கின்றன. மூச்சுத்துளையில் லேசான மூச்சுதான்.

ஃபில்டர் துளையில் கை வைத்தால் முதலில் நன்றாக உறிஞ்சுகிறது. 2 பாருக்கு மேல் உறிஞ்சலுக்கு இடையே வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் படுகிறது. 4-ல் கிட்டத்தட்ட ஊதலும் உறிஞ்சலும் சமம். சுவர் சுவிட்சை அணைத்ததும் துளையிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று இரண்டு வினாடி தெளிவாகக் கேட்டது. மூன்று முறை செய்தேன், மூன்றிலும் அப்படியே.

அப்படியானால் கேஸ்கட்தானே? கழற்றும் முறை, எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கேஸ்கட் இங்கே எங்கே கிடைக்கும்?

ஜூரோங்_பிட்டர்:

கேஸ்கட்தான். அந்த வெதுவெதுப்பு முக்கியமான அடையாளம்: ஒருமுறை அழுத்திச் சூடான காற்று சக்‌ஷனுக்குள் திரும்பி, மறுபடி அழுத்தப்பட்டு இன்னும் சூடாகிறது. தலை அதிகம் சுடுவதும் இதனால்தான்.

பிளக்கை உருவுங்கள். டேங்கின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து முள் பூஜ்யத்துக்கு வரும்வரை விடுங்கள், திறந்தே வையுங்கள். ஒரு மணி நேரம் ஆறட்டும். செம்புக் குழாயின் நட்டை இரண்டு முனையிலும் தளர்த்துங்கள். ஒரு முனையை மட்டும் கழற்றிவிட்டுக் குழாயை வளைத்தால் பிறகு அது நேராக உட்காராது. தலை போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றும் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். தலை ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை நடுவே நுழைத்து நெம்பினால் அலுமினிய முகத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவு.

மேலிருந்து கீழே வரிசை: தலை, மேல் கேஸ்கட், வால்வு பிளேட், கீழ் கேஸ்கட், சிலிண்டர். சில மாடல்களில் சக்‌ஷன் ரீட் தனித் தகடாக பிளேட்டுக்கு அடியில் வரும். ஒவ்வோர் அடுக்கையும் எடுக்குமுன் ஃபோனில் படம் பிடியுங்கள், எது மேல்முகம் என்று மார்க்கரால் குறியுங்கள்.

மேல் கேஸ்கட்டில் இரு அறைகளையும் பிரிக்கும் குறுகிய பட்டையைத்தான் நடுப்பாலம் என்கிறேன். வெந்நீர்க் குழாய் போன்ற டெலிவரி ஒரு பக்கம், குளிர்ந்த சக்‌ஷன் மறுபக்கம். முதலில் எரிவது அந்த இடம்தான். அதன் குறுக்கே கரிக்கோடு இருக்கும்.

தலை திறந்திருக்கும்போதே ரீட்களையும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் மறுபடி திறக்க வேண்டிவரும். துளைமேல் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். ஒழுகாமல் நின்றால் ரீட் நன்றாக அமர்ந்திருக்கிறது. கசிந்தால் பெரும்பாலும் அடியில் கரித்துகள். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். ரீட்டை உப்புத்தாளால் தேய்க்கவோ, வளைந்ததை நிமிர்த்தவோ கூடாது. நிமிடத்துக்கு 2850 முறை மடங்கித் திறக்கும் மெல்லிய ஸ்பிரிங் எஃகு அது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், அங்கிருந்து உடைந்து துண்டு சிலிண்டருக்குள் விழும். விளிம்பு உதிர்ந்திருந்தாலோ துருப்புள்ளி இருந்தாலோ புதியது போடுங்கள்.

பிளேட்டின் முகத்தையும் தலையின் முகத்தையும் சமன் பார்க்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, 0.05 மில்லிமீட்டர் ஃபீலரை (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் கண்ணாடிப் பலகைமேல் 600 எண் நீர் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, எட்டு போடுவதுபோல் தேயுங்கள். ரீட்களைக் கழற்றாமல் பிளேட்டைத் தேய்க்காதீர்கள்.

முறுக்கம்: கையேட்டில் எண் இருந்தால் அதுவே இறுதி. இல்லையென்றால், 8 மில்லிமீட்டர் போல்ட் அலுமினியத்தில் இறங்கும்போது 20 நியூட்டன் மீட்டர், 6 மில்லிமீட்டருக்கு 9. ஒரே மூச்சில் வேண்டாம். 8, 14, 20 என்று மூன்று சுற்று, குறுக்கும் நெடுக்குமாக.

காக்கிபுக்கிட்_காற்று:

கேஸ்கட் வாங்கும்போது பழையதையும் பிளேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர், நியூமேட்டிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மாடல் பெயரைவிட அளவுகள்தான் உதவும்: சிலிண்டர் உள்விட்டம், போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம் தூரம், கேஸ்கட் கனம். இந்த ரக பம்புகள் பல பெயர்களில் விற்கப்பட்டாலும் அளவுகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

கனத்தில் அலட்சியம் வேண்டாம். கீழ் கேஸ்கட் அரை மில்லிமீட்டர் தடிமனாகிவிட்டால், பிஸ்டன் உச்சிக்குப் போனபின்னும் அங்கே அரை மில்லிமீட்டர் காற்று கூடுதலாகத் தங்கும். 8 பாரில் அது பிஸ்டன் இறங்கும்போது விரிந்து, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஓட்டத்தை விழுங்கிவிடும். அதுவரை புதுக் காற்று உள்ளே வராது. குறைந்த அழுத்தத்தில் நன்றாக ஏறி, மேலே போகப்போகத் தவழும். புது கேஸ்கட் போட்டும் நிரம்ப நேரம் பிடிக்கிறது என்று வரும் புகார்களில் இதையும் பார்க்க வேண்டும். மெலிந்ததும் ஆபத்து, பிஸ்டன் பிளேட்டில் இடிக்கும். போல்ட்டை இறுக்கியபின் விசிறியைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் முட்டாமல் போனால்தான் பிளக்.

சிலிகான் பேஸ்ட் தடவலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பிதுங்கி ரீட்டின் அடியில் ஒட்டும், அந்தச் சூட்டில் தாங்கவும் தாங்காது. கேஸ்கட்டை உலர்வாகவே வையுங்கள்.

ஈசூன்_மரவேலை:

முடிந்தது. மேல் கேஸ்கட்டின் நடுப்பாலத்தில் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் கருப்புத் தடம், அதன் மையத்தில் ஒரு நெல்மணி அகலத்துக்கு கேஸ்கட்டே இல்லை. விரலால் தொட்டதும் இரு ஓரமும் சாம்பலாக உதிர்ந்தது. சக்‌ஷன் ரீட் மண்ணெண்ணெய்ச் சோதனையில் தேறியது. டெலிவரி ரீட்டின் அடியில் கரி, சுத்தம் செய்தபின் ஒழுகவில்லை. தலை முகத்தில் 0.05 ஃபீலர் நுழையவில்லை. பழைய கனத்திலேயே கேஸ்கட் கிடைத்தது. இப்போது 0-விலிருந்து 8 பார் 2 நிமிடம் 45 வினாடி. 8-ல் நிற்கிறது, 6-ல் எடுக்கிறது.

இரண்டு கேள்வி. அது ஏன் எரிந்தது? இன்னொன்று, வடிகாலைத் திறந்தபோது அரை கிளாஸ் தண்ணீர் வந்தது. அழுத்தம் ஏறாததற்கு அதுவும் காரணமா?

ஜூரோங்_பிட்டர்:

முதல் கேள்விக்கு: தொடர் ஓட்டமும் தளர்ந்த போல்ட்டும். இந்த அளவு பம்ப் பாதி நேரம் ஓடி பாதி நேரம் ஓய்வெடுக்கும்படி இருக்க வேண்டும். 10 நிமிடத்தில் 5 நிமிட ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார்டில் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் விசிறிக்குக் காற்று கிடைக்காது. நாலா பக்கமும் ஓர் அடி இடம் விடுங்கள். புது கேஸ்கட் முதல் சூட்டில் அமுங்கும். அதனால் அரை மணி நேர வேலைக்குப் பிறகு முழுக்க ஆறவிட்டு, அதே 20-க்கு ஒருமுறை முறுக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அதே இடத்தில் மறுபடி எரியும். டெலிவரி ரீட்டில் கரி பிடித்தது எண்ணெயால். கார் என்ஜின் எண்ணெய் ஊற்றியிருந்தால் மாற்றிவிடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய், பிசுக்குமை 100 (ISO VG 100) என்ற ரகம், இங்குள்ள வெயிலுக்குப் பொருந்தும்.

காக்கிபுக்கிட்_காற்று:

தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்காது. இடத்தை அடைத்துக்கொள்வதால் டேங்க் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் தீரும். பாதிப்பு வேறிடத்தில்.

நம் ஊர்க் காற்றில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டரில் 24 கிராம் நீராவி இருக்கும். காலி டேங்கை 8 பாருக்கு நிரப்பினால் 200 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்று உள்ளே போகிறது, அதோடு 5 கிராம் நீர். அழுத்தி ஆறிய காற்றால் அதில் ஒரு கிராம்கூட ஆவியாகப் பிடித்துவைக்க முடியாது. மீதி, ஒரு தேக்கரண்டி அளவு, டேங்கின் அடியில் தங்கும். ஒரு நாளில் பத்து முறை நிரப்பினால் பத்து தேக்கரண்டி. அரை கிளாஸ் சேர்வதற்கு அதிக நாள் தேவையில்லை.

வேலை முடிந்ததும் ஒன்றிரண்டு பார் மிச்சம் இருக்கும்போதே வடிகாலைத் திறந்தால் அழுத்தமே தண்ணீரைத் தள்ளிவிடும். பிறகு முழுதும் விட்டு, வடிகாலைத் திறந்தபடியே வைத்துவிடுங்கள். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கும், வீவக அடுக்குமாடி வீடு என்றால் இரவு வெகுநேரம் ஆகுமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை வந்த தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்தீர்களா? பால்போல் இருந்தால் எண்ணெய் கலந்தது, பயமில்லை. செம்மண் கலங்கல்போல் வந்திருந்தால் டேங்கின் அடித்தகடு உள்ளே துருப்பிடிக்கிறது. காலி டேங்கை டார்ச் வைத்து வடிகால் துளை வழியாகப் பாருங்கள், வெளியே அடிப்பக்கத்தில் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கொப்புளமோ ஊசித்துளையோ இருந்தால் வெல்டிங்கும் வேண்டாம், எபாக்ஸியும் வேண்டாம், அந்த டேங்கில் மறுபடி காற்றே ஏற்றாதீர்கள். பம்ப் நன்றாக இருக்கிறது, டேங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஈசூன்_மரவேலை:

வெளிறிய பழுப்பு நிறம், துகள் இல்லை. அடிப்பக்கம் தடவிப் பார்த்தேன், கொப்புளம் இல்லை. நாளை ஆறிய நிலையில் 20-க்கு மறுமுறுக்கு, கூடவே எண்ணெய் மாற்றம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே எப்படி இருக்கிறது என்று படம் போடுகிறேன்.